மூன்று ஆறுகளும் ஒரு வெள்ளைப் பொடியும்: சேர்வராயன் மலை நீரில் மருந்தெச்சமும் ஒளிவினையூக்கமும்

1. கேள்வி

சேர்வராயன் மலையில் விழும் மழை மூன்று பக்கமாகப் பிரிந்து இறங்குகிறது. தெற்கே இறங்கும் நீர் திருமணிமுத்தாறாகச் சேலம் நகரத்துக்குள் புகுந்து வெளியேறி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது. மேற்கே சரபங்கா; ஓமலூர், எடப்பாடி வழியாக அதுவும் காவிரிக்கே போகிறது. வடகிழக்கே வாணியாறு; பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அணையில் தேங்கி, தென்பெண்ணையை நோக்கி ஓடுகிறது. மலைமேலுள்ள ஏற்காட்டில் கழிவுநீர் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஏரியோடு நின்றுவிடுகிறார்கள். ஏரி கண்ணுக்குத் தெரிகிறது, படகு விடுகிறார்கள், பாசி படிந்தால் செய்தியாகிறது. ஆனால் மலைமேல் நீரில் கலக்கும் எதுவும் இரண்டு பெரிய ஆற்றுப் படுகைகளின் தலைமாட்டில் கலக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையின் கேள்விக்குள் போக வேண்டும்.

இங்கே பேசவிருக்கும் பொருள் மருந்தெச்சம். நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடலிலேயே கரைந்து மறைந்துவிடுவதில்லை. நீரிழிவுக்காரர்கள் அன்றாடம் போடும் மெட்ஃபார்மின் வேதிமாற்றம் எதுவும் அடையாமலே வெளியேறுகிறது. சிப்ரோஃப்ளாக்சசினில் ஏறக்குறையப் பாதி சிறுநீரில் அப்படியே வந்துவிடுகிறது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசபீனை உடல் பெரும்பாலும் மாற்றிவிடுகிறது. ஆனால் மிஞ்சி வெளியேறுவதை வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிர்கள் தொடுவதேயில்லை என்று சொல்லுமளவுக்கு அது பிடிவாதமானது.

இதற்குத் தீர்வாக ஆய்விதழ்கள் கடந்த முப்பது ஆண்டுகளாக முன்வைத்து வருவது ஒளிவினையூக்கம். குறைக்கடத்திப் பொடி ஒன்றை நீரில் கலக்கி, வெயிலில் வைத்தால், மருந்து மூலக்கூறுகள் உடைந்து கரியமில வாயுவும் நீருமாகிவிடும் என்பது அதன் சாரம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத தமிழகத்தில் இதைக் கேட்டதும் யாருக்கும் ஆசை பிறக்கும். அந்த ஆசை எவ்வளவு தூரம் நியாயமானது, சேர்வராயன் மலை போன்ற ஓரிடத்தில் அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. வினை நடக்கிறது என்பதில் ஐயமில்லை. எந்த நீரில், எதற்குப் பிறகு என்பதில்தான் வழக்கு.

2. காவிரியில் ஏற்கெனவே கண்டது

மருந்தெச்சம் என்றதும் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருவது ஐதராபாத் அருகிலுள்ள பட்டான்செரு. 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோவாக்கிம் லார்சனும் குழுவினரும் அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருப்பதாக வெளியிட்டார்கள். அம்மருந்தைச் சாப்பிட்ட நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் உச்ச அளவைவிட இது பல மடங்கு. ஏறத்தாழத் தொண்ணூறு மருந்து ஆலைகளின் கழிவு வந்து சேர்ந்த இடம் அது.

சேர்வராயன் மலையின் கதை வேறு. இங்கே மருந்து ஆலை வரிசை இல்லை. வீடும் விடுதியும் மருத்துவமனையும்தான் மூலம். ஆகவே அளவும் மில்லிகிராமிலிருந்து மைக்ரோகிராமுக்கும் நானோகிராமுக்கும் இறங்கிவிடுகிறது. பட்டான்செருவைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, அதே மூச்சில் வீட்டுக் கழிவுநீருக்குத் தீர்வு சொல்லும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. இரண்டும் வேறு வேறு வேதியியல் சிக்கல்கள். அதை முதலிலேயே பிரித்துவிடுவது நல்லது.

வீட்டு மூலத்திலிருந்து வரும் எச்சம் தமிழக ஆறுகளில் இருப்பதற்குச் சான்று உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பாபு ராஜேந்திரன் ராமசாமியும் குழுவினரும், அதே லார்சனையும் சேர்த்துக்கொண்டு, காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய ஆறுகளில் கார்பமசபீன், டிரைக்ளோசான், பாரபென்கள் ஆகியவற்றை அளந்து 2011இல் வெளியிட்டார்கள். பத்தாண்டு கழித்து, 2021இல், சென்னை ஐஐடியின் லிஜி பிலிப் தலைமையிலான குழு காவிரி நெடுகிலும் இரண்டாண்டு நீர் எடுத்துச் சோதித்ததில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அட்டனலால், கார்பமசபீன், சிப்ரோஃப்ளாக்சசின், காஃபின் என ஒரு மருந்துக்கடைப் பட்டியலே கிடைத்தது.

சேலம் நகரம் மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் குடிக்கிறது. பயன்படுத்திய நீரைத் திருமணிமுத்தாறு வழியாக வெகு கீழே அதே காவிரிக்குத் திருப்பித் தருகிறது. மேட்டூருக்குக் கீழே இருக்கும் ஒவ்வோர் ஊரும் மேலே உள்ள ஊரின் மாத்திரைகளில் ஏதோ ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. அளவு மிகக் குறைவு. குடிப்பவருக்கு உடனடித் தீங்கு என்று சொல்ல முடியாது. மீனுக்கும் நுண்ணுயிருக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. குறைந்த அளவு நுண்ணுயிர்க்கொல்லியில் நாள்முழுதும் ஊறிக் கிடக்கும் பாக்டீரியாக்களிடையே எதிர்ப்புத் திறன் தேர்ந்தெடுக்கப்படலாம் என்பதுதான் இதில் பெரிய கவலை.

3. ஒளி என்ன செய்கிறது

1972இல் டோக்கியோவின் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயின் மீது ஒளி பாய்ச்சி நீரைப் பிளந்ததாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவர்கள் தேடியது எரிபொருள். நீர்ச் சுத்திகரிப்பு அல்ல. 1977இல் டெக்சாஸில் ஃபிராங்க், பார்ட் இருவரும் அதே பொருளின் பொடியைக் கொண்டு நீரிலுள்ள சயனைடை ஒழித்துக் காட்டியதும் பாதை திரும்பியது.

நடப்பது இதுதான். போதிய ஆற்றலுள்ள ஒளித்துகள் பொடியின் மீது விழும்போது உள்ளே ஓர் எலக்ட்ரான் மேலே எழும்புகிறது. அது இருந்த இடத்தில் ஒரு துளை விடுபடுகிறது. துளை நீர் மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க, ஹைட்ராக்சில் தனியுறுப்பு பிறக்கிறது. எலக்ட்ரான் நீரில் கரைந்த ஆக்சிஜனோடு சேர்கிறது. ஹைட்ராக்சிலின் ஆக்சிஜனேற்றத் திறன் சுமார் 2.8 வோல்ட். நீரில் வாழும் வேறெந்தப் பொருளையும் விடக் கடுமையானது; மைக்ரோ நொடிக்கும் குறைவாகவே உயிரோடிருக்கிறது; பக்கத்தில் அகப்பட்டது எதுவானாலும் கடித்துவிடுகிறது. நல்லது கெட்டது பார்ப்பதில்லை என்பது அதன் வலிமை. அதுவே அதன் குறை என்பதைப் பிறகு பார்ப்போம்.

இந்த வெள்ளைப் பொடி நமக்கு அந்நியமானதன்று. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டின் வெண்மை இதுதான். இதற்கு மூலமான இல்மனைட் மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறையிலும் கடற்கரையிலேயே கிடக்கிறது. பல மாத்திரைகளின் மேற்பூச்சை வெளுப்பாக்குவதும் இதே டைட்டானியம் டை ஆக்சைடு. தன்னை அழிக்கவல்ல பொருளைத் தோலாகப் போர்த்திக்கொண்டே மருந்து வயிற்றுக்குள் போகிறது. இருட்டில் அது ஒன்றும் செய்யாது என்பதால் பிழைத்துப் போகிறது.

வெளிச்சத்திலும் அதற்கு வேண்டியது எல்லா ஒளியும் அல்ல. அனடேஸ் வகைப் பொடியில் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளிதான் வேலைக்கு ஆகும். தரைக்கு வரும் வெயிலில் இது நூற்றில் நான்கைந்து பங்கே. மீதி வெயில் நீரைச் சூடாக்கும், அவ்வளவுதான். இதைச் சரிசெய்யக் காண் ஒளியிலேயே இயங்கும் பொருள்களைத் தேடினார்கள். 2009க்குப் பிறகு கிராஃபைட் வகைக் கார்பன் நைட்ரைடு ஆய்வகமெங்கும் பரவியது; பிஸ்மத் வனடேட்டும் அப்படியே. முன்னதன் இடைவெளி 2.7, பின்னதன் இடைவெளி 2.4. ஆனால் இந்தச் சலுகை இலவசமன்று. கார்பன் நைட்ரைடில் பிறக்கும் துளைக்கு நீரிலிருந்து நேரடியாக ஹைட்ராக்சில் உண்டாக்கும் வலு கிடையாது. சுற்றுவழியில்தான் வேலை செய்கிறது. வெயிலின் பெரும்பங்கைப் பிடிக்கலாம். பிடித்ததன் கூர்மை குறைந்துவிடும்.

4. பீக்கருக்கும் ஓடைக்கும் நடுவே

தமிழகத்துப் பல்கலைக்கழக வேதியியல் துறைகளில் ஒளிவினையூக்கம் வேர்விட்டது சாயக் கழிவை முன்னிட்டு. திருப்பூரும் கரூரும் ஈரோடும் கண்முன்னே இருக்கும்போது அது இயல்பு. அண்ணா பல்கலைக்கழகத்தின் சக்திவேல், நெப்போலியன், முருகேசன் முதலானோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு உலகளவில் மேற்கோள் காட்டப்படுவது. சாயம் ஒன்றை வெயிலில் சிதைப்பதில் டைட்டானியம் டை ஆக்சைடைவிடத் துத்தநாக ஆக்சைடு மேல் என்று அது காட்டியது. நம் வெயிலிலேயே செய்யப்பட்ட வேலை என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் அந்தச் சாய மரபு ஒரு பழக்கத்தையும் விட்டுச்சென்றது. ஆய்வகத்தில் நடப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். நூறு மில்லி காய்ச்சி வடித்த நீர். அதில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் வீதம் மெத்திலீன் நீலம். ஒரு சிட்டிகைப் பொடி. காந்தக் கலக்கியின் மேல் பீக்கரை வைத்து, கறுப்புத் துணி மூடி, அரை மணி நேரம் இருட்டில் சுழலவிடுகிறார்கள். பொடியின் மேற்பரப்பில் ஒட்ட வேண்டிய சாயம் ஒட்டிக்கொள்ளட்டும் என்று. பிறகு விளக்கு. கால் மணிக்கொரு தரம் ஐந்து மில்லி எடுத்து, மையவிலக்கில் சுழற்றிப் பொடியைப் பிரித்து, 664 நானோமீட்டரில் நிறமானியில் படிக்கிறார்கள். மடக்கை எடுத்து வரைந்தால் நேர்கோடு வருகிறது. நீலம் வெளுக்கிறது. 'தொண்ணூற்றெட்டு விழுக்காடு சிதைவு' என்று முடிவுரை எழுதப்படுகிறது. பொடியை ஏதேனும் ஓர் இலைச் சாற்றில் தயாரித்திருந்தால் 'பசுமை' என்ற அடைமொழியும் சேர்ந்துகொள்ளும்.

இதில் பொய் எதுவுமில்லை. ஆனால் மூன்று கேள்விகள் விடுபடுகின்றன. சாயமே ஒளியை உறிஞ்சித் தன் எலக்ட்ரானைப் பொடிக்குள் தள்ளக்கூடியது. மருந்துகள் பெரும்பாலும் நிறமற்றவை, அவற்றால் அது ஆகாது. ஆகவே சாயத்தில் பெற்ற வெற்றியை மருந்துக்கு அப்படியே மாற்றி எழுத இயலாது. இரண்டாவது, நிறம் போவதும் மூலக்கூறு முற்றிலும் அழிவதும் ஒன்றல்ல. மூன்றாவதுதான் மிக முக்கியம்: காய்ச்சி வடித்த நீரில் ஹைட்ராக்சிலுக்கு வேறு இரை கிடையாது.

ஓரளவு நன்றாகச் சுத்திகரித்த நகரக் கழிவுநீரிலும் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் கரிமப் பொருள் கரைந்து கிடக்கும். மருந்து ஒரு மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால் பத்தாயிரத்துக்கு ஒன்று. போதாததற்குப் பைகார்பனேட், குளோரைடு அயனிகள். சேலம் பக்கத்துக் கடின நீரில் இவை தாராளம். கண்ணைக் கட்டிக்கொண்டு தேர்த் திருவிழாக் கூட்டத்தில் புகுந்து குறிப்பிட்ட ஒருவரை மட்டும் தொட்டுவிட்டு வா என்று அனுப்புவது போன்றது ஹைட்ராக்சிலுக்கு நாம் இடும் கட்டளை.

எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் பயனுள்ள புற ஊதா 30 வாட் என்று கொள்வோம். நாளுக்கு ஐந்து மணி நேரம். இது சுமார் 1.6 மோல் ஒளித்துகள். அதில் நூற்றுக்கு ஒன்று உருப்படியான வேலை செய்தால் ஏறத்தாழ 16 மில்லிமோல். வேதி ஆக்சிஜன் தேவை 50 மில்லிகிராமாக உள்ள ஒரு லிட்டர் நீரில் இருக்கும் கரிமப் பொருளை முழுக்க எரிக்க 6.25 மில்லிமோல் எலக்ட்ரான் வெளியேற்றப்பட வேண்டும். ஆக, ஒரு சதுர மீட்டர் வெயில் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டரைத்தான் முழுமையாகத் தூய்மையாக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில், ஆளுக்கு 54 சதுர மீட்டர், ஏறக்குறைய 580 சதுர அடி வேண்டும். மருந்தை மட்டும் உடைத்தால் போதுமென்றால் இவ்வளவு வேண்டாம். எல்லாவற்றையும் எரித்தாக வேண்டுமென்ற மேல்வரம்புக் கணக்கு இது. ஆனாலும் கழிவுநீரைப் பச்சையாக வெயிலில் காட்டி மருந்தைப் போக்கிவிடலாம் என்ற பேச்சை இந்த ஒரு கணக்கே அடக்கிவிடும். நுண்ணுயிர்கள் மலிவாகச் செய்யக்கூடிய வேலையை ஒளித்துகளிடம் ஒப்படைப்பது வீண்செலவு.

வெயிலை விட்டு மின்விளக்கில் செய்தால்? 2018இல் 'வாட்டர் ரிசர்ச்' இதழில் மிக்லோஸ் குழுவினர், ஒரு மாசைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க ஒரு கன மீட்டர் நீருக்கு ஆகும் மின்சாரத்தைப் பல முறைகளுக்கும் தொகுத்தார்கள். ஓசோனும், ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்த புற ஊதா முறையும் ஒரு யூனிட்டுக்குள் அடங்கின. விளக்கொளியில் இயங்கும் ஒளிவினையூக்கத்தின் நடுமதிப்பு 335 யூனிட். மறுவருடம் லோப், அல்வாரெஸ், ஜே ஹாங் கிம் முதலானோர், ஒளிவினையூக்க நீர்ச் சுத்திகரிப்பு உதயமா அஸ்தமனமா என்று தலைப்பிலேயே கேட்டுக் கட்டுரை எழுதினார்கள். துறைக்குள்ளிருந்தே வந்த கேள்வி அது. நம்மூர் ஆய்வேடுகளின் முன்னுரைகளில் அந்தக் கட்டுரைக்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

5. மலையின் வெயிலும் மலையின் காப்பியும்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா ஏறக்குறையப் பத்து விழுக்காடு கூடும் என்பதால், தெளிந்த நாளில் சேலத்தைவிட இங்கே பொடிக்குத் தீனி அதிகம். தெளிந்த நாள் எத்தனை என்பதுதான் சிக்கல். வடகிழக்குப் பருவமழையும் மூட்டமும் சேர்ந்து ஆண்டின் கடைசி மாதங்களில் வெயிலைத் தின்றுவிடும். ஆனால் ஏற்காட்டில் கூட்டம் அலைமோதுவது மே மாதத்தில், கோடை விழாவை ஒட்டி. விடுதிகள் நிறைந்து, கழிவு மிகுந்து, நீர்நிலை வற்றி, மாசு செறியும் அதே வாரங்களில்தான் புற ஊதாவும் உச்சத்தில் நிற்கிறது. சூரியனை நம்பிய தொழில்நுட்பம் ஒன்றுக்கு இப்படித் தேவையும் வரவும் ஒரே மாதத்தில் வருவது அபூர்வம்.

ஏரி தானே ஓர் ஒளிவேதிக் கலம் என்பதையும் மறக்கக் கூடாது. 1998இல் பூசர், பொய்கர், முல்லர் ஆகியோர் சுவிட்சர்லாந்தின் கிரைஃபென்சே ஏரிக்குள் வரும் டைக்ளோஃபெனாக்கில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் ஏரியிலேயே மறைந்துவிடுவதைக் கண்டார்கள். வினையூக்கி எதுவும் போடவில்லை. வெயில் மட்டுமே உடைத்தது. நம் அட்சரேகை வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்க வேண்டும். எனவே டைக்ளோஃபெனாக்கை உடைத்தேன் என்று சொல்லும் எந்த ஆய்வும், பொடி போடாமல் வெயிலில் மட்டும் வைத்த நீரைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டாதவரை, எதையும் நிரூபித்ததாகாது. கார்பமசபீன் அப்படியல்ல, வெறும் வெயிலுக்கு எளிதில் அசையாது. பொடியின் தகுதியை அதைக்கொண்டுதான் உரைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி இந்த மலைக்கே உரியது. மனிதக் கழிவு நீரில் கலந்திருக்கிறதா என்று அறிய உலகெங்கும் காஃபினை அடையாளமாகக் கொள்கிறார்கள். 2022இல் வெளியான, 104 நாடுகளில் 258 ஆறுகளை அளந்த வில்கின்சன் குழுவின் ஆய்விலும் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் அகப்பட்டவை கார்பமசபீன், மெட்ஃபார்மின், காஃபின். காப்பியும் டீயும் குடிக்கும் மனிதர் இருக்கும் இடமெல்லாம் காஃபின் இருக்கும் என்பது தருக்கம். சேர்வராயன் மலையில் இந்தத் தருக்கம் வழுக்கிவிடும். கலெக்டர் காக்பர்ன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொண்டுவந்து நட்டது முதல் இது காப்பி மலை. கார்த்திகை முதல் மாசி வரை பழம் பறித்து, பல்பரில் போட்டுத் தோலும் சதையும் உரித்து, கொட்டையைத் தொட்டியில் புளிக்கவைத்து, வழவழப்புப் போகக் கழுவுகிறார்கள். கழுவிய நீர் பழுப்பாக, புளித்த வாடையோடு குழிக்குப் போகிறது; மழை வலுத்தால் குழியோடு நிற்பதில்லை. உரித்த தோலிலும் சதையிலும் காஃபின் உண்டு. அந்த மாதங்களில் ஓடையில் காஃபின் அகப்பட்டால் அது விடுதிக் கழிவறையிலிருந்து வந்ததா, தோட்டத்துப் பல்பரிலிருந்து வந்ததா என்று நீரைப் பார்த்துச் சொல்ல முடியாது. கார்பமசபீன் எந்தச் செடியிலும் காய்ப்பதில்லை. சேர்வராயன் மலையின் ஓடைகளில் மனிதத் தடத்தை அறிய அதுவே நம்பத்தக்க சாட்சி.

காப்பிக் கழிவுக்கு இந்த விவாதத்தில் வேறொரு பங்கும் உண்டு. அதன் கரிமச் சுமை மிக அதிகம். அது கலந்த நீரில் ஹைட்ராக்சில் முழுவதும் காப்பிச் சதையைக் கடித்தே தீர்ந்துவிடும்; பழுப்பு நிறம் ஒளியையும் உள்ளே விடாது. அறுவடையின் தொடக்கம் மூட்டக் காலத்தோடு சேர்ந்து வருவதால் அந்த மாதங்களில் ஒளிவினையூக்கத்தை நம்புவதற்கு இடமேயில்லை.

6. சிவப்பு மண்ணின் ஆசை

சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை காலங்காலமாக மழையில் கரைந்து, உச்சிச் சமவெளிகளில் பாக்சைட் தொப்பியாக மிஞ்சியிருக்கிறது. மேட்டூரில் அலுமினியம் வார்த்த மால்கோ நிறுவனம் இங்கே பாக்சைட் வெட்டியது. பாக்சைட்டில் அலுமினியத்தோடு இரும்பும், கூடவே கொஞ்சம் டைட்டானியமும் இருக்கும். அலுமினாவைப் பிரித்த பிறகு இரண்டும் சிவப்புச் சேறாக ஒதுங்குகின்றன. இந்தச் சேற்றையே வினையூக்கியாக்கலாமே என்று ஆய்வாளர்கள் கேட்பது இயல்பு. மலையின் கழிவை மலையின் மண்ணே கழுவும் என்று சொல்லக் கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது.

இதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அது டைட்டானியத்தால் அல்ல, இரும்பால். இரும்பும் பெராக்சைடும் வெயிலும் சேரும் ஒளி ஃபென்டான் வினை 550 நானோமீட்டருக்கு அப்பாலும் ஒளியைப் பயன்படுத்திக்கொள்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடுபோல் புற ஊதாவுக்காகக் காத்திருப்பதில்லை. ஸ்பெயினின் அல்மெரியா சூரிய ஆய்வு மையத்தில் மருந்தெச்சத்துக்குப் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட சூரிய முறைகளில் முன்னணியில் நிற்பது இதுவே. தடை வேறு: பி.எச். மூன்றுக்கு அருகில் இருந்தால்தான் அது சுறுசுறுப்பாக ஓடும். நீரை முதலில் அமிலமாக்கி, பிறகு திருப்பி நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். சிவப்புச் சேறோ கடுங்காரம். உலோகங்களைக் கசியவிடவும் கூடியது. காரத்தைக் கழுவாமல் இதை நீரில் போடுவது ஒரு மாசை எடுத்து இன்னொன்றை வைப்பதாகும். இந்த வழியை மூட வேண்டியதில்லை. ஆனால் மலைப் பெருமிதம் வேதியியலுக்கு ஈடாகாது.

7. உடைந்தது என்ன ஆயிற்று

மருந்து மறைந்துவிட்டது என்று கருவி சொன்னால் அது தேடிய மூலக்கூறைக் காணவில்லை என்றுதான் பொருள். கார்பமசபீன் உடையும் பாதையில் அக்ரிடின் பிறக்கிறது. அது தாயைவிட நச்சுத்தன்மை மிகுந்த பிள்ளை. வினையைப் பாதியில் நிறுத்தினால் நாம் ஆற்றுக்குத் தருவது அதைத்தான். மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் ஓரளவு தெரியும்; ஆனால் மைக்ரோகிராம் அளவிலுள்ள மருந்து, மில்லிகிராம் அளவிலுள்ள பிற கார்பனுக்கு நடுவே அந்த அளவீட்டில் தென்படவே செய்யாது. இதனால்தான் ஆய்வகங்கள் மருந்தை நிஜத்தைவிட ஆயிரம் மடங்கு செறிவில் எடுத்துக்கொள்கின்றன. அப்போது அளவீடு எளிது, நிஜம் தூரம். இந்தச் சங்கடத்திலிருந்து தப்ப உயிரியைக் கேட்பதைத் தவிர வேறு வழி குறைவு: சுத்திகரித்த நீரில் பாசியும் நீர்த்தெள்ளும் மீனும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது.

பொடியைத் திரும்ப எடுப்பதும் ஒரு கேள்வி. இருபது நானோமீட்டர் துகளை லிட்டருக்கு ஒரு கிராம் வரை கலக்கிவிட்டால் வடிகட்டுவது பெரும்பாடு. கண்ணாடியிலோ செராமிக்கிலோ ஒட்டவைத்தால் துகள் தப்பாது. வினைக்குக் கிடைக்கும் பரப்பு குறைந்துவிடும்.

8. எந்த நீருக்கு?

ஐரோப்பா இதில் எடுத்த முடிவைப் பார்ப்பது பயனுள்ளது. சுவிட்சர்லாந்து 2016 முதல் தேர்ந்தெடுத்த சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்மாசுகளை 80 விழுக்காடு நீக்க வேண்டுமென்று சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அதே வழியில் சென்று, செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் தலையில் வைத்தது. சுவிஸ் நிலையங்கள் தேர்ந்தெடுத்தது ஓசோனும் கரியும். ஒளிவினையூக்கத்தை அல்ல. இந்தியாவில் மருந்து ஆலைகளின் கழிவில் நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு உச்சவரம்பு வைக்கும் வரைவு 2020 ஜனவரியில் வந்தது. 2021 ஆகஸ்டில் வெளியான இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் காணாமற்போயின. வரம்பில்லாத இடத்தில் எந்தத் தொழில்நுட்பத்துக்கும் வாங்குபவர் இல்லை.

அப்படியானால் சேர்வராயன் மலைக்கும் அதன் அடிவாரத்துக்கும் ஒளிவினையூக்கம் எங்கே பொருந்தும்? என் கணிப்பில், மலைமேல் முதல் வேலை அது அல்ல. செப்டிக் டேங்கில் விழுந்து விரிசல் பாறைக்குள் இறங்கும் நீரை எந்தப் பொடியும் எட்டாது. விடுதிகளின் கழிவைச் சேர்த்து, நுண்ணுயிர் முறையில் சுத்திகரிக்கும் ஏற்பாடு வந்தால் ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் அங்கேயே பெருமளவு கழிந்துவிடும். கார்பமசபீன் போன்ற பிடிவாதக்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அந்தத் தெளிந்த, குறைந்த அளவு நீருக்குக் கரித்தொட்டியா, வெயிலா என்று அப்போது ஒப்பிடலாம். மே மாதச் சாதகம் அங்கே உண்மையிலேயே கைகொடுக்கும்.

அடிவாரத்தில் நிலைமை சற்று வேறு. பெரிய மருத்துவமனைகளின் கழிவில் புற்றுநோய் மருந்துகளும் கடைசிப் புகலிடமான நுண்ணுயிர்க்கொல்லிகளும் மற்ற இடங்களைவிடச் செறிவாக இருக்கும். அளவு குறைவு, மூலம் ஒன்று, குழாய் ஒன்று. நகரத்தின் மருந்தெச்சத்தில் பெரும்பங்கு வீடுகளிலிருந்தே வருவதால் மருத்துவமனையைச் சுத்தப்படுத்தினால் ஆறு சுத்தமாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் எதிர்ப்புத் திறன் பற்றிய கவலைக்கு முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுவே. மருத்துவமனையின் வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பின்னால், மொட்டைமாடியில், ஒட்டவைத்த வினையூக்கியோடு ஒரு சூரியச் சேகரிப்பான். பக்கத்திலேயே அதே நீருக்குக் கரித்தொட்டி ஒன்று. வெயில் மட்டும் படும் வெற்றுக் குழாய் ஒன்று. மூன்றையும் ஓராண்டு, ஐப்பசி மூட்டத்தையும் சேர்த்து, ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அளக்க வேண்டியதும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, மருத்துவமனைக் கழிவுநீருக்கு லிட்டருக்கு உயிரி ஆக்சிஜன் தேவை 30, வேதி ஆக்சிஜன் தேவை 250 மில்லிகிராம் என்று வரம்பு வைத்ததோடு, நீர்த்துப்போகச் செய்யாத அந்த நீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மருந்தின் பெயர் ஒன்றுகூட அந்த விதியில் இல்லை. ஆனால் மீன் சோதனை இருக்கிறது. வினையூக்கிக்கு முன் எடுத்த நீரிலும் பின் எடுத்த நீரிலும் அதே மீனை விட்டுப் பார்க்கலாம். நான்கு நாளில் சாகாத மீன் நாற்பது நாளில் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கும் விதி குறுக்கே நிற்கவில்லை. தொட்டி ஒன்றும் காற்று ஊதும் மோட்டார் ஒன்றும் போதும்.